மறுபடியும் ஓராண்டு நீட்டுக்கா? விடைத்தாளைப் பார்த்து முடிவெடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீட் தேர்வு முடிவு வெளியாகும் ஜூன் மாதத்தில் நாளிதழ்களில் பக்கம் பக்கமாக வரும் பயிற்சி மையங்களின் விளம்பரங்களில் மாணவர்களின் முகங்களும் அவற்றின் கீழே மதிப்பெண்களும் வரிசை வரிசையாக இருக்கின்றன. எத்தனையாவது முறை எழுதி அந்த மதிப்பெண்ணைப் பெற்றார் என்பது மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. அதே நாள்களில், பிளஸ் டூ முடித்தும் நினைத்த மதிப்பெண் வராத பிள்ளைகளின் வீடுகளில் ஒரே பேச்சுதான்: கிடைக்கிற படிப்பில் சேர்த்துவிடுவதா, இன்னொரு வருடம் உட்காரவைத்து மறுபடி எழுதவைப்பதா? அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் முதுகலை ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பின்னும் இந்தக் கேள்வியோடு என்னைத் தேடி வரும் பெற்றோர் குறையவில்லை. அவர்களிடம் தனித்தனியே சொல்லிவருவதைத் தங்கள் வாசகர்களுக்கும் சொல்ல இடமளிக்குமாறு வேண்டுகிறேன்.

'ஒரு வருஷம் வீணாகிவிடுமே' என்று பதறுகிறவர்களுக்கு முதலில் ஒரு கணக்கு. எம்.பி.பி.எஸ். நான்கரை ஆண்டு, அதன்பின் ஓராண்டு கட்டாயப் பயிற்சி மருத்துவர் பணி. அதோடு நிற்க விரும்புகிறவர்கள் இன்று குறைவு, எம்.டி., எம்.எஸ். என்றால் மேலும் மூன்றாண்டு, அதற்குள் நுழைய வேறொரு நீட். எங்கும் தடங்கலில்லாமல் படித்தாலே இருபத்தாறு, இருபத்தேழு வயதாகிவிடும். இத்தனை நீண்ட படிப்பில் தொடக்கத்தில் ஓராண்டு தள்ளிப்போவது பெரிய இழப்பல்ல. இன்றைய நிலையில் அது விதிவிலக்கும் அல்ல. நீட் தேர்வின் தாக்கத்தை ஆராயத் தமிழ்நாடு அரசு 2021-இல் அமைத்த நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு, 2020-21 கல்வியாண்டில் மாநிலத்தில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் 71 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் மறுமுறை எழுதியவர்கள் என்று கண்டறிந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டு சேர்க்கை நடந்த காலத்தில் பெரும்பாலோர் அதே ஆண்டில் பள்ளி முடித்தவர்களாக இருந்தார்கள். ஆகவே முதல் முறையில் இடம் கிடைக்காத பிள்ளை தலைகுனிய வேண்டியதில்லை.

ஆனால் அந்த 71 என்ற எண்ணைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறவர்களே அதிகம். சேர்ந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் மறுமுறை எழுதியவர்கள் என்பதால், மறுமுறை எழுதியவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு இடம் கிடைத்துவிட்டது என்றாகாது. பயிற்சி மையங்களின் வரவேற்பறையில் இவ்விரண்டும் ஒன்றேபோல் சொல்லப்படுகின்றன. பணம் கட்ட வந்தவர்களும் ஒன்றென்றே கேட்டுக்கொள்கிறார்கள்.

அடுத்தது, 'என் பெண்ணுக்கு வெறும் முப்பது மார்க்தான் குறைவு' என்ற கணக்கு. முப்பது மதிப்பெண் என்பது எல்லா ஆண்டும் ஒரே அளவல்ல. 2024-இல் திருத்திய முடிவின்படியே 17 பேர் 720-க்கு 720 பெற்றிருந்தார்கள். இயற்பியல் வினாக்கள் கடுமையாக அமைந்த 2025-இல் நாட்டிலேயே முதலிடம் பெற்றவரின் மதிப்பெண் 686. பொதுப் பிரிவுக்கான தகுதி மதிப்பெண்ணும் முந்தைய ஆண்டின் 162-இலிருந்து 144-க்கு இறங்கியது. சென்ற ஆண்டு கட்-ஆஃப்போடு இந்த ஆண்டு மதிப்பெண்ணை ஒப்பிட்டு, அடுத்த ஆண்டு இன்னும் எவ்வளவு வேண்டும் என்று முடிவுகட்டுவதில் பொருளே இல்லை. பார்க்க வேண்டியது தரவரிசையை. அதிலும் அகில இந்தியத் தரவரிசையைவிட, மாநிலப் பட்டியலில் தம் வகுப்புப் பிரிவில் எத்தனையாவது இடம் என்பதை. அரசுக் கல்லூரி இடங்களில் 85 விழுக்காடு மாநில ஒதுக்கீட்டில் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டின்படியே நிரப்பப்படுகின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தனியாக உண்டு. மறுமுறை எழுதுகிறவர்களும் அதில் விண்ணப்பிக்கலாம், கட்டணத்தையும் அரசே ஏற்கிறது, அங்கே இடம் கிடைக்கும் மதிப்பெண் பொதுப் பட்டியலைவிடக் கணிசமாகக் குறைவு. இதைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமலேயே 'நமக்கு எட்டாது' என்று விட்டுவிடுகிற குடும்பங்களைப் பார்க்கிறேன். மறுபுறம், தகுதி பெற்றதையே இடம் கிடைத்ததற்குப் பக்கத்தில் வந்துவிட்டதாக எண்ணுகிறவர்களையும் பார்க்கிறேன். 2025-இல் நாடு முழுவதும் தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்துக்கும் மேல், எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம்தான்.

தரவரிசை தெரிந்த பிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது. என் அனுபவத்தில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது அதுதான். பெரும்பாலான வீடுகளில் அதை யாரும் செய்வதில்லை. வினாத்தாள் மாணவரின் கையிலேயே இருக்கிறது, விடைகளைக் கறுப்படித்துக் குறிக்கும் ஓ.எம்.ஆர். தாளின் நகலையும் விடைக்குறிப்பையும் தேசியத் தேர்வு முகமை வெளியிடுகிறது. மூன்றையும் மேசையில் விரித்துவைத்து, மதிப்பெண் போன ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஓர் எழுத்தைக் குறிக்கச் சொல்கிறேன்: பாடமே தெரியாதது 'தெ', தெரிந்தும் பிழைத்தது 'பி', குருட்டாம்போக்கில் நிரப்பியது 'கு', நேரமில்லாமல் விட்டது 'நே'. இயற்பியலில் 45, வேதியியலில் 45, உயிரியலில் 90 என மொத்தம் 180 கேள்விகள். ஒரு மாலைப்பொழுது போதும்.

அண்மையில் ஒரு மாணவனை இப்படி உட்காரவைத்தேன். தொடரிணைப்பில் இருந்த மின்தேக்கிகளை மின்தடைகளைப் போல அப்படியே கூட்டி விடை குறித்திருந்தான். நான் எதுவும் சொல்லும் முன்பே, 'தலைகீழியைத்தானே சார் கூட்டணும்' என்றான். தெரிந்த பாடம், தேர்வு அவசரத்தில் கைநழுவியது. அந்தக் கேள்வியில் அவன் இழந்தது நான்கு மதிப்பெண் அல்ல, ஐந்து. சரியான விடைக்குரிய நான்கும் போய், தவறுக்கு ஒன்றும் கழிந்தது. அவன் தாளில் இப்படிப்பட்ட 'பி'க்கள் பக்கம் பக்கமாக இருந்தன, கூடவே கடைசி நேரத்தில் அவசரமாகக் கறுப்படித்த 'கு'க்கள். பத்து இடங்களில் இது நடந்தால் ஐம்பது மதிப்பெண். அவனுக்கு நான் தயங்காமல் சொன்னேன், இன்னொரு ஆண்டு எழுது என்று. கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாரந்தோறும் முழுத் தேர்வு எழுதிப் பழகினால் குறையக்கூடிய பிழைகள் இவை. புதிதாக அவன் கற்க வேண்டியது சொற்பம்.

'தெ' மிகுந்திருந்தால் அந்த எழுத்துகள் எங்கே குவிந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். அவை பெரும்பாலும் பதினோராம் வகுப்புப் பாடங்களில் இருந்தால் அதற்கு ஒரு காரணம் உண்டு. பதினோராம் வகுப்பை ஒப்புக்கு நடத்திவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் உருப்போடவைக்கும் வழக்கம் நம் பள்ளிகள் பலவற்றில் நெடுங்காலம் இருந்தது. இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. நியூட்டனின் விதிகளையும் வெப்ப இயக்கவியலையும் முறையாகக் கற்காத பிள்ளைக்கு அந்தக் கூடுதல் ஆண்டு, பள்ளி அவனுக்குத் தராமல் விட்ட ஆண்டுதான். அதை மறுமுயற்சி என்று சொல்வதே பொருந்தாது. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் விஷயத்தில் இதோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீட் வினாத்தாள் தமிழிலும் கிடைக்கிறது. ஆனால் பயிற்சி மையங்களில் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. முதல் சில மாதங்கள் பாடத்தைவிடக் கலைச்சொற்களோடு மல்லுக்கட்டுவதிலேயே கழியும். அந்தக் காலத்தையும் கணக்கில் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

'தெ' மூன்று பாடங்களிலும் சீராகப் பரவிக் கிடந்தால், அதிலும் ஏற்கெனவே ஈராண்டு பயிற்சி பெற்ற பின்பும் அப்படி இருந்தால், பெற்றோருக்கு மனக்கசப்பாக இருந்தாலும் வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறேன். ஒருமுறை கற்றுக்கொடுத்துப் பலிக்காத முறையையே, அதே இடத்தில், அதே குறிப்பேடுகளோடு, இரு மடங்கு நேரம் தொடர்ந்தால் பலிக்கும் என்று நம்புவதற்கு எனக்கு ஆதாரம் தென்பட்டதில்லை. என்ன மாறப்போகிறது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொல்வேன். 'இன்னும் நல்லாப் படிப்பேன்' என்பதைத் தவிர வேறொன்றும் எழுத வராவிட்டால் அதுவே விடை.

இவ்வளவு நிதானமாக யோசிக்க நாள்காட்டி இடம் தருவதில்லை என்பதுதான் பெரிய சிக்கல். அண்மை ஆண்டுகளில் தேர்வு மே மாத முதல் ஞாயிறன்று நடக்கிறது. முடிவு ஜூனில் வருகிறது. கலந்தாய்வு ஜூலை இறுதியிலோ ஆகஸ்டிலோ தொடங்கிப் பல சுற்றுகளாக அக்டோபர், நவம்பர் வரை இழுக்கிறது. கலை அறிவியல் கல்லூரிகளோ முடிவு வரும் முன்பே சேர்க்கையைத் தொடங்கிவிடுகின்றன. மறுமுறை எழுதுவோருக்கான வகுப்புகளும் ஜூன், ஜூலையிலேயே ஆரம்பமாகின்றன. ஆக, தன் பிள்ளைக்கு இடம் உண்டா இல்லையா என்று உறுதியாகத் தெரிவதற்குள் ஒரு குடும்பம் பயிற்சி மையத்துக்கு முழுத்தொகையைக் கட்டிவிடுகிறது. கட்டிவிட்டதாலேயே, பிறகு மூன்றாவது சுற்றில் வந்த ஏதோ ஓர் இடத்தைக் கைவிட்ட குடும்பங்களும் உண்டு. முடிந்தவரை தவணையாகக் கட்டுங்கள். நடுவில் விலகினால் எஞ்சிய காலத்துக்குரிய கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் பத்து நாளில் திருப்பித் தரப்பட வேண்டும் என்று ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை சொல்கிறது. அது மாநிலங்கள் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டிய நெறிமுறை என்பதால், சேரும்போதே அந்த உறுதிமொழியை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

கலந்தாய்வில் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று. மறுபடி எழுதுவதென்று மனதளவில் முடிவெடுத்துவிட்ட பின்னும், 'சும்மா பார்ப்போமே' என்று கடைசிச் சுற்றுகளில் விருப்பங்களைப் பதிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அகில இந்தியக் கலந்தாய்வின் இறுதிக் காலியிடச் சுற்றில் ஒதுக்கப்பட்ட இடத்தில் சேராவிட்டால் வைப்புத்தொகை போவதோடு அடுத்த நீட் தேர்வை எழுதவும் தடை விதிக்கப்படும் என்பது விதி. எந்தத் தேர்வுக்காக ஓராண்டைக் கொடுக்கிறோமோ அந்தத் தேர்வையே எழுத முடியாமல் போய்விடும். விதிமுறை அறிவிப்பை ஆண்டுதோறும் புதிதாகப் படியுங்கள். சென்ற ஆண்டு எழுதிய பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

நீட் எழுத, சேர்க்கை ஆண்டின் டிசம்பர் 31-க்குள் பதினேழு வயது நிறைய வேண்டும் என்பதைத் தவிர வேறு வயது வரம்பு இன்று இல்லை. முன்பிருந்த மேல் வயது வரம்பும் 2022-இல் நீக்கப்பட்டுவிட்டது. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். இதை வரமென்று சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். அரசு எல்லை போடாத இடத்தில் வீடுதான் எல்லை போட வேண்டும். எல்லையைத் தேர்வு முடிவு வந்த அன்று, அழுகைக்கு நடுவில் போட முடியாது. ஆண்டு தொடங்கும் முன்பே போட வேண்டும். ஓராண்டு மட்டும் என்றால் அதைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து பேசி, அதன்பின் எந்தப் படிப்பு என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். டிசம்பர் வாக்கில், பாடம் ஒருமுறை முழுதாக முடியும் கட்டத்தில், முழு மாதிரித் தேர்வுகளின் மதிப்பெண்ணைப் பழைய விடைத்தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எதுவும் நகரவில்லை என்றால், அடுத்த வழிக்கான நுழைவுத் தேர்வு விண்ணப்பங்களை அனுப்ப அப்போது நேரம் இருக்கும். இரண்டாவது கூடுதல் ஆண்டு என்றால் எனக்குப் பெரிதும் தயக்கம் உண்டு. மூன்றாவது கூடுதல் ஆண்டுக்கு நான் யாரையும் ஊக்கப்படுத்தியதில்லை.

அடுத்த வழி என்றதும் முகம் சுருங்கிப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கால்நடை மருத்துவப் படிப்புக்கான மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண் கொண்டே நிரப்பப்படுகின்றன. செவிலியம், மருந்தியல், துணை மருத்துவப் படிப்புகள் பலவற்றுக்கும் மாநிலக் கலந்தாய்வு அப்படித்தான் நடக்கிறது. பல் மருத்துவத்துக்கும் சித்த மருத்துவத்துக்கும் நீட் தகுதி தேவை, ஆனால் எம்.பி.பி.எஸ். அளவுக்குப் போட்டியில்லை. இவற்றில் ஒன்றில் சேர்ந்துகொண்டே மறுபடி எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். தொழிற்படிப்பின் முதலாண்டு அதற்கு நேரம் தராது, இரண்டும் அரைகுறையாகிவிடும். பி.எஸ்ஸி. போன்ற படிப்பில் சேர்ந்து எழுதி வென்றவர்கள் உண்டு. சேரும் முன், இடையில் நின்றால் கட்ட வேண்டிய தொகை என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்திருப்பதையும் நினைவில் வையுங்கள்.

விடுதியோடு கூடிய மையங்களைப் பற்றி, குறிப்பாக நாமக்கல் வட்டாரத்தைப் பற்றி, நிறையக் கேட்கிறார்கள். நல்லது கெட்டது இரண்டும் உண்டு என்பதற்கு மேல் பொதுவாகச் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் பிள்ளைக்கு ஒழுங்கு வேண்டுமா, உறக்கம் வேண்டுமா என்பதைப் பொறுத்தது அது. கூட்டாளிகள் எல்லாம் கல்லூரிக்குப் போய்விட்ட நிலையில், வாட்ஸ்அப்பில் அவர்களுடைய படங்களைப் பார்த்துக்கொண்டு தனியே படிக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த ஆண்டு நெடியது. தேர்வைத் தவிர வேறெதையும் பேசாத வீடுகளில் அது இன்னும் நெடியது. மனம் சோர்ந்தால் 104 எண்ணிலும் 14416 எண்ணிலும் ஆலோசகர்களிடம் கட்டணமின்றிப் பேசலாம் என்பதைப் பிள்ளைக்குத் தெரியும்படி எழுதி ஒட்டிவையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. பையன் என்றால் இரண்டாம் ஆண்டுக்கும் நகையை அடகுவைக்கும் வீடு, பெண் என்றால் முதல் ஆண்டிலேயே 'கிடைச்சதுல சேர்ந்துடும்மா' என்று முடித்துக்கொள்வதைப் பார்க்கிறேன். விடைத்தாளில் 'பி' நிறைந்திருந்த பெண் பிள்ளைகள் சிலர் அப்படியே விருப்பமில்லாத படிப்பில் சேர்க்கப்பட்டார்கள். தாளைப் பார்த்து முடிவெடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் ஆண், பெண் என்று எழுதியிருப்பதில்லை.

தங்கள் நாளிதழிடம் இரண்டு வேண்டுகோள்கள். தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, பயிற்சி மையங்கள் தங்கள் விளம்பரத்தில் காட்டும் மாணவர் எந்தப் படிப்பில், எவ்வளவு காலம் அங்கே சேர்ந்திருந்தார் என்பதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும். அதோடு எத்தனையாவது முயற்சி என்பதையும், அந்த ஆண்டு அம்மையத்தில் சேர்ந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்பதையும் குறிப்பிடும்படி விளம்பரதாரர்களை நாளிதழ்கள் கேட்கலாம். இரண்டாவதாக, மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் தரவரிசைப் பட்டியலும் சுற்றுவாரி ஒதுக்கீட்டு விவரமும் இணையத்தில் பெருங்கோப்புகளாகக் கிடக்கின்றன. கைப்பேசியில் அவற்றைத் திறந்து தேடுவது கிராமத்துப் பெற்றோருக்கு ஆகாத காரியம். கடந்த மூன்று ஆண்டுகளில் வகுப்புப் பிரிவுவாரியாகவும் 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டிலும் ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாக இடம் பெற்றவரின் தரவரிசை என்ன என்பதைத் தொகுத்து, முடிவு வெளியாகும் வாரத்திலேயே அரைப் பக்க அட்டவணையாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டக் கிளம்பும் முன் பெற்றோர் ஒருமுறை அதைப் பார்த்துக்கொள்ள முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தருமபுரி மாவட்டம்